பயறு நிரப்பிய துப்பாக்கி

போன சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பதினேழு.

இவ்வளவு துல்லியமாக எப்படி என்று கேட்கிறீர்களா? போனில் மெசேஜ் வந்து விழுந்த நேரம் அது. இன்னும் அழிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதுகூட எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

‘அம்மா, டோன்ற் பானிக். லிட்கம் ஸ்ரேசன்ல நிக்கிறன். பொலிஸ் மறிச்சு வச்சிருக்கினம். நீங்கள் வராதேங்கோ.’

பதற வேண்டாம் என்று தொடங்கி, அடுத்த வரியில் பொலிஸ் என்று எழுதினால் எந்தத் தாய் பதறாமல் இருப்பாள்? போதாததற்கு, வராதேங்கோ வேறு!

நான் அப்போது கலைவிழா மண்டபத்தின் குசினியில் அடுப்போரம் நின்றிருந்தேன். கையில் ஒரு தட்டு நிறைய றோல்ஸ். எத்தனை நிலத்தில் விழுந்தன என்று எண்ணவில்லை. விழுந்தவை பிறகு எங்கே போயின என்று கேட்காதீர்கள். அன்று அந்த மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள் கட்டாயம் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். என் மகளின் இடுப்பில் ஒரு துப்பாக்கி இருந்தது.

அதை அங்கே வைக்கச் சொன்னது நான்.

பொறுங்கள், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு யாருக்கும் போன் செய்யாதீர்கள். முதலில் இருந்து வருகிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு ஆரணியைத் தெரியும். என் ஒரே மகள். பத்தொன்பது வயது. பாகற்காயைக் கண்டால் ஓடுவாள், இரத்தத்தைக் கண்டால் ஓடமாட்டாள். அதனால் நேர்சிங் படிக்கிறாள். இரண்டாம் வருடம். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் முதல் பயிற்சி. பெயர் பொறித்த அட்டை வந்துவிட்டது. நீலச் சீருடையை இரண்டு தடவை அயர்ன் பண்ணித் தொங்கவிட்டிருந்தாள். அது கசங்கிவிடும் என்று அலுமாரிக் கதவைக்கூட என்னைத் திறக்க விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் கால் வைப்பதற்கு முன் பொலிஸ் செக் என்று ஒன்று கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லும் கடதாசி. அதில் ஒரே ஒரு வரி விழுந்தாலும் பயிற்சி போச்சு. பயிற்சி போனால் படிப்பு? அதற்குப் பிறகு? எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வருவதில்லை.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் கலைவிழாவில் வருடா வருடம் ஒரு நாடகம் போடுவார் குகன். வாரநாளில் எலெக்ரீசியன், வார இறுதியில் டைரக்டர். இந்த முறை கதை என்ன தெரியுமா? ஒரு கலியாண வீட்டில் நகைத் திருடன் நுழைந்துவிடுகிறான். அவனைப் பிடிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி போலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் சேலைக்குள் இருந்து சின்னத் துப்பாக்கியை உருவி, “கையைத் தூக்கு!” என்கிறாள். திரை விழுகிறது.

இன்ஸ்பெக்டர், ஆரணி.

“அக்கா, உடுப்பும் துவக்கும் உங்கட பொறுப்பு,” என்றார் குகன். “கடைசி சீன் வரைக்கும் சனத்துக்கு அது இருக்கிறதே தெரியக் கூடாது. ஆனா எடுக்கேக்க ஒரு செக்கனில கைக்கு வரவேணும்.”

இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். தங்க நகையையே உடம்பில் ஒளித்துக்கொண்டு நாடு விட்டு நாடு வந்த பெண்கள் நாங்கள். ஒரு பொம்மைத் துப்பாக்கியை ஒளிக்க மாட்டோமா?

மாட்டோம் என்று இப்போது தெரிகிறது.

முதலில் என் தங்கை மகனுடைய துப்பாக்கியைக் கடன் வாங்கினேன். பஞ்சுக் குண்டு சுடுவது. அது துப்பாக்கியா, வாக்கும் க்ளீனரா என்று சேலைக்குள் வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அடுத்தது, கௌபோய்கள் வைத்திருப்பது போல நடுவில் உருளை வைத்த ஒன்று. அளவு சரி. ஆனால் அந்த உருளை இடுப்பில் துருத்திக்கொண்டு நின்றது.

ஆரணி கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். “அம்மா, ஐ லுக் ப்ரெக்னன்ற்.”

“கலியாண வீடுதானே, பரவாயில்லை,” என்றார் என் கணவர் சிவா, கதிரையில் இருந்தபடியே.

“அப்பா!”

மூன்றாவதாக ரெண்டு டொலர் கடையில் கிடைத்தது ஒரு தண்ணீர்த் துப்பாக்கி. உள்ளங்கை அளவு. தட்டை. ஒரு பக்கமும் துருத்தாது. ஒரே பிரச்சினை, நிறம். உடம்பு கிளிப்பச்சை, வாயில் செம்மஞ்சள் மூடி. இதை நீட்டினால் திருடன் பயப்படுவானா? குளிக்கத்தான் ஆயத்தமாவான்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயின்ற் கராஜில் கிடந்தது. எடுத்து இரண்டு பூச்சுப் பூசினேன். செம்மஞ்சள் மூடியைக் கழற்றினேன். காய்ந்த பிறகு தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அடடா! எனக்கே நெஞ்சு திக்கென்றது. அந்தத் திக்கில்தான் ஏதோ இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று பெருமைதான் வந்தது. மூடியை எறிய மனம் வரவில்லை. எதையும் எறிய மனம் வராத பிறவி நான். கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது, எங்கே வைப்பது?

இதற்கு நான் வீடியோக்கள் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், பூப்போட்ட பிளவுஸ். உண்மைத் துப்பாக்கியை உடம்பில் எங்கே வைத்தால் வெளியே தெரியாது, எங்கே வைத்தால் குத்தாது என்று சமையல் குறிப்பு மாதிரிச் சொல்லிக்கொண்டே போகிறார். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்பது போல. அது அவர்களுடைய ஊர். இந்த நாட்டில் அப்படி ஒருவரும் திரிய முடியாது. நான் இந்த நாட்டில் நிம்மதியாகத் தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த அம்மா சொன்னதில் மூன்று விஷயங்கள் மனதில் நின்றன. துப்பாக்கியின் அளவுக்கு உடுப்பைத் தேடாதே, உடுப்பின் அளவுக்குத் துப்பாக்கியைத் தேடு. வெளியே போகுமுன் ஒரு வாரம் வீட்டுக்குள் அணிந்து பழகு. அணிந்த பிறகு தொடாதே.

“என்னப்பா, உம்மட போனைத் திறந்தா முழுக்கத் துவக்காக் கிடக்கு?” என்றார் சிவா ஒரு நாள், பயந்துபோய். “எனக்கு ஏதும் சொல்லவேணுமெண்டா வாயால சொல்லும்.”

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. முதுகுப் பக்கம் வைத்தால் கதிரையில் சாய முடியவில்லை. முன்பக்கம் வைத்தால், பெரியவர்கள் காலில் விழும் காட்சியில் வயிற்றில் குத்தியது. கணுக்காலில் வைக்கலாம், ஆனால் எடுக்கும்போது சேலையைத் தூக்க வேண்டும். மேடையிலா? தமிழ்ப் பள்ளியிலா? கைப்பையில் வைக்கலாமே என்றேன்.

குகன் போனில் சிரித்தார். “அக்கா, நீங்கள் உங்கட ஹான்ட்பாக்கில கார்த் திறப்புத் தேடுறதை நான் பார்த்திருக்கிறன். அதுக்குள்ள கள்ளன் நகையை வித்து, வீடு வாங்கி, குடிபூரலும் வச்சிடுவான்.”

கடைசியில் வழி கிடைத்தது. ஆரணி பிறந்த பிறகு நான் வயிற்றில் கட்டிய பெல்ற் ஒன்று அலுமாரி அடியில் இருந்தது. அகலமான இழுபட்டி, ஒட்டிக் கழற்றலாம். எறிய மனம் வராத பிறவி என்று சொன்னேன் அல்லவா? அதை வெட்டி, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வருகிற மாதிரி ஒரு பை தைத்தேன். உள்ளே பருத்தித் துணி, தோலில் உரசாமல் இருக்க. மேலே முந்தானை விழுந்துவிடும். துருத்தல் இல்லை. குத்தல் இல்லை.

ஆனால் நழுவியது. வெறும் பிளாஸ்ரிக், பாரமே இல்லை. நடக்க நடக்க மேலே ஏறியது. தண்ணீர் விட்டால் ஒழுகும். யோசித்தேன். தண்ணீர் ஊற்றும் துவாரம் வழியாகப் பயறு நிரப்பினேன். ஒரு சுண்டு அளவு பயறுகூடத் தேவைப்படவில்லை. அச்சாப் பாரம்! அப்படியே இருந்த இடத்தில் இருந்தது.

ஒரு வாரம் ஆரணி அதை அணிந்தே தோசை சுட்டாள், படித்தாள், உடுப்பு மடித்தாள். நான் பின்னாலேயே திரிந்தேன்.

“தொடாதை பிள்ளை. தொட்டா தெரிஞ்சிடும்.”

“நான் தொடேல்லை அம்மா.”

“இப்பத் தொட்டாய்.”

“சொறிஞ்சனான்!”

சனிக்கிழமை வந்தது. மேடைச் சாமான்களோடும் றோல்ஸோடும் நானும் சிவாவும் பதினொரு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டோம். ஆரணியின் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்து சேலை கட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு. பிறகு ரெயிலில் வந்து லிட்கத்தில் இறங்கினால் மண்டபம் ஐந்து நிமிட நடை.

புறப்படும்போது போன் எடுத்தாள். “அம்மா, இதை பாக்கில போட்டுக்கொண்டு வரட்டா, கட்டிக்கொண்டு வரட்டா?”

யோசிக்காமல் சொன்னேன். “கட்டிக்கொண்டு வா. வாற வழியில உடம்போட செற்றாகும்.”

இப்போது புரிகிறதா ஏன் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று?

மூன்று பதினேழுக்குத் திரும்பி வருகிறேன். சிவாவை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். நடந்தால் ஐந்து நிமிடம். பதற்றத்தில் இருப்பவர்கள் நடப்பதில்லை, காரில் ஏறுகிறார்கள். இரண்டு சிவப்பு விளக்கு, ஒரு பஸ், பார்க்கிங் இல்லை. நடந்தால் ஐந்து நிமிடமான இடத்துக்குப் பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்.

“நீர் இறங்கி ஓடும், நான் எங்கயாவது விட்டிட்டு வாறன்,” என்றார். பிறகு கையைப் பிடித்தார். “போய் முதல்ல ஒண்டும் கதைக்காதையும். கேட்டதுக்கு மட்டும் பதில்.”

இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கை. என்னைப் பற்றி இவருக்கு இன்னும் இவ்வளவு நம்பிக்கை!

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் பூவோடு, பிளாற்போம் படிகளில் ஓடினேன். ஆரணி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழு அலங்காரம், நெற்றிச்சுட்டி உட்பட. பக்கத்தில் இளம் பொலிஸ்காரர் ஒருவர். சற்றுத் தள்ளி இன்னொருவர் ரேடியோவில் பேசிக்கொண்டு. பெஞ்சின் நடுவில், உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்ரிக் பைக்குள் என் கைவண்ணம். பக்கத்தில் என் வயிற்றுப் பெல்ற்.

அந்தச் சீருடையைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா?

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கைப்பையைத் திறந்து, பெஞ்சில் தலைகீழாகக் கவிழ்த்தேன். பேர்ஸ், ஊசிகள், விபூதி மடித்த சரை, பனடோல், மூன்று பேனா, கடையில் தந்த சோஸ் பக்கெற்… எல்லாம் கொட்டின. கையையும் விரித்துக் காட்டினேன்.

பொலிஸ்காரப் பையன் எழுந்தே விட்டான். “மேடம்… நாங்கள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே?”

யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குப் போய்வர ஒரு நாளைக்கு இரண்டு சோதனைச் சாவடி தாண்டிய கை இது. கேட்கும் முன்பே பையைக் கவிழ்த்தால் சீக்கிரம் விடுவார்கள் என்று பதினேழு வயதில் கற்றுக்கொண்டது. இந்த நாட்டுக்கு வந்து, வீடு வாங்கி, வரி கட்டி, தேர்தலில் வாக்குப் போட்டு, பிள்ளை வளர்த்து… அந்தக் கைக்கு மட்டும் யாரும் இதையெல்லாம் சொல்லவில்லை.

“அம்மா, ப்ளீஸ்,” என்றாள் ஆரணி. முகம் வெளிறியிருந்தது. “ஜஸ்ற் சிற்.”

கொட்டியவற்றுள் இருந்து ஏதோ உருண்டு போய் அந்தப் பையனின் சப்பாத்தில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தான்.

செம்மஞ்சள் மூடி.

மூடியைப் பார்த்தான். பிளாஸ்ரிக் பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “இதைக் கழற்றியது யார்?”

“நான்.” சிவாவின் உபதேசம் அந்த இடத்தில் காலமானது. “நான்தான் கழற்றினேன். நான்தான் கறுப்புப் பூசினேன். கேற் பெயின்ற். நான்தான் கட்டப் பழக்கினேன். நான்தான் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். என் பெயரை எழுதுங்கள். இவள் பெயரை எழுத வேண்டாம். இவளுக்குத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில்…”

“அம்மா, ஸ்ரொப் ரோக்கிங்!”

“உள்ளே ஏதோ குலுங்குகிறதே, அது என்ன?” என்றான் அவன்.

“பயறு.”

“பயறா?”

“பாரத்துக்கு. இல்லாவிட்டால் நழுவும்.”

மற்றப் பொலிஸ்காரர் ரேடியோவில் பேசுவதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

நடந்தது இதுதான். ரெயிலில் யாரோ, முந்தானை விலகிய கணத்தில் இந்தப் பெண்ணின் இடுப்பில் கறுப்பாக ஒரு பிடி தெரிந்ததைக் கண்டு தகவல் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதோடு அடுத்த ஸ்ரேசனில் இறங்கி ஓடியும் இருப்பேன். இந்த நாட்டுச் சட்டத்தில் உண்மையான துப்பாக்கி போலத் தோன்றுகிற எதுவும் விளையாட்டுச் சாமான் அல்ல. பச்சை நிறத்தில் இருந்தவரை அது பொம்மை. பெயின்ற் பூசிய பிறகு… அந்தப் பையன் மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்தினான். முடிவெடுப்பது தானல்ல, தன் சார்ஜன்ற் வர வேண்டும், வழக்கா எச்சரிக்கையா என்று அவர்தான் சொல்வார் என்றான்.

வழக்கு. அந்த ஒரு சொல்லோடு காத்திருந்தோம்.

“முந்தானை எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது? எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன்.

பையன் பதில் சொன்னான். “நன்றாகத்தான் ஒளித்திருந்தார். ஆனால் பிளாற்போமில் இறங்கி எங்களைத் தாண்டுவதற்குள் ஐந்து தடவை தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் வேறெங்கே பார்ப்பது?”

நான் மகளைப் பார்த்தேன். “தொடாதை எண்டு சொன்னனான்.”

“விழுந்திடுமோ எண்டு பயமா இருந்தது அம்மா.”

யோசித்துப் பாருங்கள். ஒளித்து வைத்திருப்பவரின் கை ஒளித்த இடத்துக்கே போகும். நகை என்றாலும் சரி, காதல் கடிதம் என்றாலும் சரி. பயத்தை ஒளித்து வைத்திருக்கும் தாய்மாரும் இப்படித்தான். நாளுக்குப் பத்துத் தடவை போனைத் தொட்டு, “சாப்பிட்டியா? எங்க நிக்கிறாய்? ஆரோட?” அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா, இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு திரிகிறோம் என்று?

பிறகு ஆரணி மெல்லிய குரலில் ஒன்று சொன்னாள்.

“கையைத் தூக்கச் சொன்னவை அம்மா. ரெண்டு பேரின்ர கையும் அவையின்ர துவக்கில இருந்தது. நான்… இது ரோய், வெறும் பொம்மை எண்டு எடுத்துக் காட்டத்தான் வெளிக்கிட்டனான். கை பாதி வழி போயிட்டுது.”

“பிறகு?”

“உங்கட சத்தம் கேட்டது. தொடாதை பிள்ளை எண்டு. நான் கையைத் தூக்கிற்றன்.”

பிளாற்போமில் ஒரு ரெயில் வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போனது. நான் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலது கை. அது முழுசாக, சூடாக இருந்தது. நெயில் பொலிஷ் ஒரு விரலில் உரிந்திருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டிய சாமான்களைப் பையனே பொறுக்கித் தந்தான். விபூதிச் சரையை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் விளக்கம் சொன்னதும், இரண்டு கையாலும் தந்தான். எல்லாவற்றையும் பைக்குள் போட்டேன். ஸிப்பை மட்டும் இழுக்கவில்லை. சோதனை முடிந்தது என்று அவர்கள் சொல்லும்வரை பையை மூடக் கூடாது. இதுவும் கைக்குத் தெரியும்.

அதற்குள் சிவா ஓடி வந்தார், வியர்த்து வழிய. எங்கே பார்க் பண்ணினீர்கள் என்று கேட்டேன். “மண்டபத்தில,” என்றார்.

அதாவது, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்! ஆரணிக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

கையில் அந்த நீலக் கோவையையும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு நீலக் கோவை உண்டு, எப்போதும் கார் டிக்கியில் கிடக்கும். கடவுச்சீட்டுப் பிரதி, குடியுரிமைச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், ஆரணி ஐந்தாம் வகுப்பில் வாங்கிய நீச்சல் சான்றிதழ் வரை. எழும்பி ஓட வேண்டி வந்தால் எடுக்க என்று முதலில் சேர்த்தது. ஓட வேண்டாத நாட்டுக்கு வந்த பிறகும் வளர்ந்துகொண்டே போகிறது. பொலிஸ்காரப் பையனிடம் நீட்டினார். அவன் முதல் மூன்று தாளைப் புரட்டிவிட்டு, “ஐம்பது மீற்றர் நீந்துவாரா?” என்று மட்டும் கேட்டான்.

நாடகம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குத் திரை விலகியது. துப்பாக்கி இல்லை. குகன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். மண்டபத்து அலுமாரியில் கொரோனா காலத்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று கிடந்தது. நெற்றிக்கு நேரே நீட்டி அமுக்குவோமே, அது. வெள்ளை வெளேரென்று. ஆரணி கடைசிக் காட்சியில் சேலைக்குள் இருந்து அதை உருவி, திருடனின் நெற்றிக்கு நீட்டி, “கையைத் தூக்கு!” என்றாள். அது ‘பீப்’ என்றது. எட்டிப் பார்த்து, “காய்ச்சல் இல்லை. ஜெயிலுக்குப் போகலாம்,” என்றாள் தானாகவே. சிரிப்பில் மண்டபம் இடிந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குகன் இப்போது அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் ஆரணி அந்த மேடையில் ஏறுவாளா என்று நாலு மணி ஐந்து நிமிடத்தில் எங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் சார்ஜன்ற் வந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண். நரைத்த குட்டைத் தலைமுடி, அகன்ற தோள், கையில் கோப்பி. பையன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னான். மூடியைக் காட்டினான். அவர் பிளாஸ்ரிக் பையைத் தூக்கிக் குலுக்கினார். துப்பாக்கி சலசலவென்றது. எங்கிருந்தோ ஒரு பயறு கழன்று பையின் மூலையில் விழுந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு பெல்ற்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே வைத்துத் தைத்த பருத்தித் துணியை விரலால் தடவினார்.

“இது யார் தைத்தது?”

“நான்,” என்றேன். அதையும் குற்றப் பட்டியலில் சேர்க்கட்டும்.

“என் இடுப்பில் இருபது வருடமாக ஒன்று தொங்குகிறது,” என்றார். “ஒரு நாளாவது இப்படி வசதியாக இருந்ததில்லை.”

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. சிவா சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

சார்ஜன்ற் சிரிக்கவில்லை. கோப்பியைப் பெஞ்சில் வைத்தார். “இது என்னோடு வரும், திரும்பக் கிடைக்காது. இன்னொன்றுக்குப் பெயின்ற் பூசினால் நான் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். இன்று என் பிள்ளைகள் இருவரும் உங்கள் பிள்ளைக்கு முன்னால் நின்றார்கள். மூன்று பேருடைய கையும் சரியான இடத்தில் இருந்தது. எப்போதும் அப்படி இருக்காது. விளங்குகிறதா?”

விளங்கியது. தலையாட்டினேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “மேடம்… திங்கட்கிழமை… இவளுடைய பெயரில்…”

அவர் ஆரணி பக்கம் திரும்பினார். “எத்தனை மணிக்கு ஷிப்ற்?”

“ஏழு,” என்றாள் ஆரணி. திரும்பச் சொன்னாள். “காலை ஏழு.”

“அப்படியென்றால் ஞாயிறு இரவு நேரத்தோடு படு. முதல் நாள் காலெல்லாம் வலிக்கும்.”

அவ்வளவுதான். பெல்ற்றை மடித்து என்னிடமே தந்தார். கோப்பியை எடுத்துக்கொண்டு, பிளாஸ்ரிக் பையோடு நாலு அடி நடந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல நின்று திரும்பி, என் மடியைப் பார்த்தார். ஸிப் திறந்தபடி, அவர் பக்கமே திருப்பி வைத்திருந்த என் கைப்பையை.

“இனி அதை மூடலாம், அம்மா,” என்றார்.